அயர்லாந்துத் தாத்தா எப்போது அமெரிக்கக் குடிமகன் ஆனார்? தேடுவது எப்படி?

கேள்வி: 3 பிப்ரவரி 2025

நாங்கள் இருப்பது பிலடெல்பியாவில். என் கணவரின் தாத்தா அயர்லாந்தில் மேயோ கவுண்டிக்காரர். 1914 வாக்கில் கப்பலேறி வந்தவர். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளை விசாரிக்கும் எல்லிஸ் தீவில் இறங்கியதும் குடும்பப்பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ'வை (ஓ'பிரையன் என்பதில் வருவது போல) வெட்டிவிட்டு, குடியுரிமைத் தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தாளைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், எங்கும் இல்லை. இன்னொன்று: அவர் அமெரிக்கக் குடிமகன் ஆன அன்றே அயர்லாந்து உரிமை போய்விட்டது, பேரன் அங்கே குடியுரிமை கேட்க வழியே இல்லை என்கிறார் என் நாத்தனார். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஐரிஷ்தான், நீங்கள் எல்லாத் தாள்களையும் தேடி எடுத்தீர்கள் என்று இங்கே படித்தேன். நான் எங்கிருந்து தொடங்குவது?

3 பிப்ரவரி 2025, இரவு

மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பிரித்துச் சொல்கிறேன்.

எல்லிஸ் தீவில் யாருக்கும் குடியுரிமை கொடுத்ததில்லை. அங்கே நடந்தது மருத்துவப் பரிசோதனை, விசாரணை, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்ற முடிவு. அவ்வளவுதான். குடியுரிமை கொடுத்தது நீதிமன்றம். அதுவும் வந்து இறங்கிப் பல வருடம் கழித்து. அதனால் எல்லிஸ் தீவு ஆவணங்களில் அந்தத் தாளை எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

பெயரையும் அங்கே வெட்டவில்லை. அதிகாரியின் மேசையில் இருந்தது, கப்பல் கம்பெனி புறப்பட்ட ஊரிலேயே எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியல். அதைப் பார்த்துக் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. புதுப்பெயர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த 'ஓ' பெரும்பாலும் அயர்லாந்திலேயே காணாமல் போயிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பதியும்போது பல குடும்பங்கள் அதை விட்டுவிட்டன. 1900 வாக்கில் ஐரிஷ் மொழிப் பற்று கிளம்பியபோது சிலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வீடு 1901 கணக்கெடுப்பில் 'ஓ' இல்லாமலும் 1911இல் 'ஓ'வோடும் இருக்கலாம். தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது விஷயத்தில் உங்கள் நாத்தனார் சொல்வது சரியில்லை. அயர்லாந்துத் தீவில் பிறந்தவரின் பேரப்பிள்ளை, அந்நாட்டின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்துகொண்டு குடிமகன் ஆகலாம். தாத்தா பிற்பாடு அமெரிக்கர் ஆனது அதற்குத் தடை இல்லை. தாத்தா குடிமாறிய தேதியை வைத்துப் பேரனின் உரிமையே நிற்கும் அல்லது விழும் என்பது இத்தாலி வழியில் தேடுகிறவர்களின் கவலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் குடியுரிமைத் தாளை ஏன் தேட வேண்டும்? அதில்தான் பிறந்த ஊர் எழுதியிருக்கும். ஊர் தெரியாமல் மேயோவில் ஒரு ஆளைத் தேட முடியாது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து ஊரில் நாலு பேர் இருப்பார்கள்.

4 பிப்ரவரி 2025

நேற்று அவசரத்தில் எழுதினேன். 'தாள்' என்று ஒன்றாகச் சொன்னதைப் பிரிக்க வேண்டும்.

முதல் தாள், அமெரிக்கனாக விரும்புகிறேன் என்ற உறுதிமொழி. வந்த கொஞ்ச நாளிலேயே கொடுக்கலாம். இரண்டாவது தாள், மனு. ஐந்து வருடம் இங்கே இருந்தபின், முதல் தாள் கொடுத்து இரண்டு வருடமாவது ஆனபின், ஏழு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். மூன்றாவதுதான் சான்றிதழ். வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களே, அது. ஆராய்ச்சிக்கு அது மூன்றிலும் சப்பை. மனுவில்தான் விஷயமெல்லாம்: பிறந்த தேதி, ஊர், கப்பல், மனைவி மக்கள். சாட்சிகளை விடாதீர்கள். பெரும்பாலும் அதே ஊரிலிருந்து வந்தவர், அண்டை வீட்டுக்காரர், கூட வேலை செய்தவர் என்று யாராவது இருப்பார்கள். தாத்தாவைப் பற்றிய தடம் அறுந்தால் சாட்சியைப் பிடித்துப் போகலாம்.

27 செப்டம்பர் 1906க்கு முன்னால் எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒரே மாதிரிப் படிவம் கிடையாது. பிறந்த ஊர் என்ற இடத்தில் 'அயர்லாந்து' என்று மட்டும் எழுதி முடித்திருப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகுதான் நாடு முழுக்க ஒரே படிவம். ஒரு பிரதி வாஷிங்டனுக்கும் போனது. உங்கள் தாத்தா 1914இல் வந்ததால் தப்பித்தீர்கள். நீதிமன்றப் பிரதி தொலைந்திருந்தாலும் வாஷிங்டன் கோப்பு இருக்கும். அதை இப்போது அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ்.ஸின் வம்சாவளிப் பிரிவில் கட்டணம் கட்டி வாங்கலாம்.

4 பிப்ரவரி 2025, மாலை

அயர்லாந்துப் பக்கம் இப்போதைக்குப் போகவே போகாதீர்கள். இங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். மாமியாரிடம் கேளுங்கள்: இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சர்ச்சில் கொடுத்த இறுதிச்சடங்கு அட்டை, பழைய தொழிற்சங்கப் புத்தகம், அயர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கடிதத்தின் உறை. உறை என்றால் சும்மா இல்லை, அனுப்பியவர் முகவரியில் ஊர் இருக்கும்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1900இலிருந்து 1930 வரை வெளிநாட்டில் பிறந்தவர் எதிரே ஒரு குறி இருக்கும். 'ஏ.எல்.' என்றால் அந்நியர், 'பி.ஏ.' என்றால் முதல் தாள் கொடுத்தவர், 'என்.ஏ.' என்றால் குடிமகன். 1920இல் மட்டும் எந்த வருடம் குடிமகன் ஆனார் என்றும் கேட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கணக்கெடுப்பை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கதவைத் திறந்தவர் யாரோ அவர் சொன்னதுதான் அதில் இருக்கும். மனைவியா, வீட்டுக்குடையவரா, பக்கத்து வீட்டுக்காரரா, தெரியாது.

9 பிப்ரவரி 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார்: 1920 கணக்கெடுப்பில் தாத்தா பிலடெல்பியாவில், வந்தது 1914, 'என்.ஏ.', குடிமகன் ஆனது 1918. "கணக்கு இடிக்கிறதே அக்கா, ஐந்து வருடம் ஆகவில்லையே, யாரோ தவறாக எழுதிவிட்டார்களா?"

தவறாக இருக்கலாம். ஆனால் 1918 என்று பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றுவது வேறு. அவர் ராணுவத்தில் இருந்தாரா என்று கேளுங்கள்.

9 மே 1918 அன்று ஒரு சட்டம் வந்தது. முதல் உலகப் போருக்காகப் படையில் சேர்ந்திருந்த அந்நியர்கள் முதல் தாள் இல்லாமலேயே, ஐந்து வருடக் காத்திருப்பு இல்லாமலேயே உடனே குடிமகன் ஆகலாம். பயிற்சி முகாம்களுக்கே அதிகாரிகள் வந்து மனு வாங்கினார்கள். கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்புமுன் கூட்டங்கூட்டமாக உறுதிமொழி எடுக்கவைத்தார்கள்.

அப்படியென்றால் மனு அவர் குடியிருந்த ஊர் நீதிமன்றத்தில் இருக்காது. முகாம் எந்த நீதிமன்ற எல்லையில் இருந்ததோ அங்கே இருக்கும். நீங்கள் பிலடெல்பியா பெயர்க் குறியீட்டில் (பெயர் வரிசைப் பட்டியலில்) தேடி ஏமாந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் 5 ஜூன் 1917 ராணுவப் பதிவு அட்டையைத் தேடுங்கள். அன்று 21இலிருந்து 30 வயதுக்காரர்கள் எல்லோரும் பதிய வேண்டியிருந்தது, அந்நியர்களும்தான். அந்த முதல் பதிவில் எங்கே பிறந்தாய் என்ற கேள்விக்கு ஊரும் எழுதவேண்டும். செப்டம்பர் 1918 அட்டையில் அந்தக் கேள்வியே இல்லை. குடிமகனா, முதல் தாள் கொடுத்தவனா, அந்நியனா என்றும் அட்டை கேட்கும். முதல் தாள் கொடுத்த அந்நியர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கலாம் என்பதால் அந்தப் பதிலுக்கு அன்றைக்கு உயிரின் விலை.

10 பிப்ரவரி 2025

கனடாவிலிருந்து ஒருவர் கேட்டார், இதையெல்லாம் காசு கட்டாமல் எங்கே பார்ப்பது என்று. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளம் இலவசம், கணக்குத் திறந்தால் போதும். அதில் பெயரைத் தட்டித் தேடுவதோடு நிறுத்தாமல், பெயர்க் குறியீடு போடாத பதிவேட்டுப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கவும் பழகுங்கள். எல்லிஸ் தீவுப் பட்டியலுக்கு ஸ்டீவ் மோர்ஸ் உருவாக்கிய தேடுபக்கம் ரொம்ப உதவும். பெயரின் ஒலி, வயது, கிளம்பிய துறைமுகம் என்று எதை வைத்தும் சலிக்கலாம். இங்கே மென்பொருள்காரர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: இன்டெல் 8086 சில்லை வடிவமைத்த அதே ஸ்டீவ் மோர்ஸ்தான். எனக்கு அவர்மேல் அளவு கடந்த மரியாதை.

16 பிப்ரவரி 2025

பாட்டியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. இந்த மாதிரி இழைகளில் எப்போதும் தாத்தாதான். அதனால் நானே எழுதுகிறேன்.

என் மாமனாரின் அம்மா கெர்ரி கவுண்டியில் பிறந்தவர். 1925இல் அயர்லாந்தின் கோப் துறைமுகத்தில் ஏறி பாஸ்டனில் இறங்கி, ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்குப் போனார். 1928இல் கல்யாணம். கணவர் 1921இலேயே குடிமகன். "அவரைக் கட்டியதும் அம்மாவும் அமெரிக்கர் ஆகிவிட்டார்" என்றுதான் மாமனார் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

1922க்கு முன்னால் கல்யாணம் என்றால் அது உண்மைதான். 1855 சட்டப்படி கணவன் குடிமகன் என்றால் மனைவியும் குடிமகள், தனித் தாள் கிடையாது. 1907இல் அதன் மறுபக்கத்தையும் சட்டமாக்கினார்கள்: அமெரிக்காவிலேயே பிறந்த பெண் ஒரு அந்நியரைக் கட்டினால் அவள் குடியுரிமை போய்விடும். புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவள், முதல் தாள்கூடக் கொடுக்காத ஐரிஷ்காரரைக் கட்டினால் சட்டத்தின் கண்ணில் அவளும் அந்நியள். இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. 22 செப்டம்பர் 1922 அன்று கேபிள் சட்டம் வந்தபின்தான் பெண்ணின் குடியுரிமை தனி வழி ஆனது. அப்படிப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் திரும்பப் பெற 1936, 1940 என்று மேலும் சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

எங்கள் பாட்டிக்கு 1928இல் கல்யாணம். ஆகவே கணவர் குடிமகனாக இருந்தும் அவர் அந்நியர்தான். ஆனால் 1930 கணக்கெடுப்பில் அவர் எதிரே 'என்.ஏ.' என்று இருக்கிறது! அதைப் பார்த்துத்தான் குடும்பத்தில் யாரும் மேலே தேடவில்லை.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது கப்பல் பட்டியல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் பெயர் இருந்த வரியில், வேலை என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்ற எழுத்தின் மேலேயே, வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு எண் வரிசை. ஒரு சின்ன எண், கோடு, நீளமான எண், கடைசியில் 1942ஆம் வருடத்துத் தேதி. மேலும் கீழும் உள்ள பெண்களுக்கு அது இல்லை. 1925இல் எழுதிய தாளில் 1942 எப்படி வந்தது? 29 ஜூன் 1906க்குப் பின் வந்தவர்கள் மனு கொடுத்தால், உண்மையிலேயே அந்தக் கப்பலில் வந்தாரா என்று ஒரு எழுத்தர் பழைய பட்டியலை எடுத்துச் சரிபார்த்து, அந்த இடத்திலேயே எண்ணும் தேதியும் குறித்துவைப்பார். அதாவது 1942இல் பாட்டி தன் பெயரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தேடினால் மனு கிடைத்தது, 1943 தேதியிட்டு. உங்கள் கப்பல் பட்டியலிலும் இப்படிக் கிறுக்கல் இருந்தால் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

1940இல் அந்நியர்கள் எல்லோரும் தபால் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததே, அதில் பாட்டியும் பதிந்திருக்கிறார். 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அந்த ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் போயாக வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தான் மட்டும் அந்நியராக வரிசையில் நின்றிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமனாருக்கும் தெரியாது.

16 பிப்ரவரி 2025, இரவு

மேலே சொன்னதோடு ஒன்று. ஜூலை 1924க்குப் பிறகு வந்தவர்களுக்கு விசா கோப்பு உண்டு. அந்த வருடச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீடு வைத்தது, அயர்லாந்து சுதந்திர அரசுக்கு (அந்நாட்டின் அன்றைய பெயர்) வருடத்துக்கு 28,567 பேர். 1929இல் அதை 17,853 ஆகக் குறைத்தார்கள். தூதரகத்தில் விசா வாங்கித்தான் கப்பலேற வேண்டும். அந்தக் கோப்பில் புகைப்படமும் பிறப்புச் சான்றும் சேர்ந்தே இருக்கும். எங்கள் பாட்டியின் இளவயதுப் படம் வேறெங்கும் இல்லை, அதில்தான் கிடைத்தது. 1914 தாத்தாவுக்கு இது பொருந்தாது. பாட்டி எப்போது வந்தார் என்று பாருங்கள்.

23 பிப்ரவரி 2025

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "இணையத்தில் எங்கள் குடும்ப மரம் ஏற்கெனவே யாரோ போட்டிருக்கிறார்கள். பெயரும் வயதும் பொருந்துகிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?"

ஆனி மூர் கதையைச் சொல்கிறேன். 1 ஜனவரி 1892, எல்லிஸ் தீவு திறந்த நாள். கார்க் நகரத்திலிருந்து 'நெவாடா' கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்த இந்தப் பெண்தான் அங்கே முதலில் பதிவானவர். அவர் டெக்சஸுக்குப் போய்க் குடும்பம் நடத்தி, 1923இல் டிராம் வண்டி மோதி இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதினார்கள். டெக்சஸ் ஆனி மூரின் சந்ததியினரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். 2006இல் மேகன் ஸ்மொலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டி நிரூபித்தார்: டெக்சஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாயில். உண்மையான ஆனி நியூயார்க்கைவிட்டு நகரவே இல்லை. மன்ஹாட்டனின் கிழக்குக் கீழ்ப்பகுதியில் வாழ்ந்து, 1924இல் இறந்து, குயின்ஸ் கல்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தார். 2008இல்தான் கல் வைத்தார்கள்.

ஊரே கொண்டாடிய பெண்ணுக்கே இந்தக் கதி. பெயரும் வயதும் பொருந்தினால் போதாது. பெற்றோர் பெயர், அதிலும் அம்மாவின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர் பொருந்த வேண்டும். நான் அதற்குக் குறைந்து எதையும் ஏற்பதில்லை.

8 மார்ச் 2025

கிடைத்துவிட்டது! கேட்டவரே எழுதியிருக்கிறார், அப்படியே சுருக்கித் தருகிறேன். ராணுவப் பதிவு அட்டையில் பிறந்த ஊர் 'ஸ்வின்ஃபோர்ட், அயர்லாந்து', நிலை 'முதல் தாள் கொடுத்தவர்'. படைப்பயிற்சி மேரிலாந்தில் உள்ள மீட் முகாமில். 1918இல் குடியுரிமை பெற்ற ராணுவ வீரர்களின் பெயர்க் குறியீட்டில் ஆள் இருக்கிறார். மனு, மேரிலாந்து மத்திய மாவட்ட நீதிமன்றத்துடையது. அந்த ஆவணங்களை வைத்திருப்பது தேசிய ஆவணக் காப்பகத்தின் பிலடெல்பியா கிளை. அதாவது அவர்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

மனுவில் பிறந்த தேதி 17 மார்ச் 1894. மாமியார் சொல்வதும் அதேதான், வருடாவருடம் அன்றுதான் கேக் வெட்டுவார்களாம்.

எனக்கு அந்தத் தேதிமேல் சந்தேகம். மார்ச் 17 புனித பேட்ரிக் திருநாள். பிறந்த நாள் சரியாகத் தெரியாத ஐரிஷ்காரர்கள், இங்கே வந்ததும் அதையே சொல்லிவைத்தது நிறைய நடந்திருக்கிறது. பதிவேட்டைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இனி அயர்லாந்துக்குப் போகலாம். ஊர் கையில் இருக்கிறது.

9 மார்ச் 2025

"1922இல் எல்லாம் எரிந்துவிட்டதே, இனி என்ன கிடைக்கும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எல்லாம் எரியவில்லை. உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், 30 ஜூன் 1922 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. போனது 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல். 1861இலிருந்து 1891 வரையான கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்னால் அழித்துவிட்டது. அதற்குத் தீயைக் குறை சொல்ல முடியாது. மிஞ்சியவை: 1901, 1911 கணக்கெடுப்பு முழுசாக, 1864இலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகள், அவை அந்தந்தப் பங்கிலேயே (ஊர்த் தேவாலயத்திலேயே) இருந்ததால். மூன்றும் பெரும்பாலும் இணையத்தில் இலவசம். 1926 கணக்கெடுப்பு 2026 ஏப்ரலில் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். எரிந்ததை மற்ற காப்பகங்களில் இருக்கும் பிரதிகளை வைத்து மீட்டெடுக்கும் மெய்நிகர் காப்பகம் ஒன்றும் 2022இலிருந்து இயங்குகிறது.

ஸ்வின்ஃபோர்ட் என்றால் அந்த ஊர் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு பெரிய பதிவு வட்டத்தின் பெயரும்கூட. ஆள் பிறந்தது அதைச் சுற்றியுள்ள ஏதாவது டவுன்லேண்டாக இருக்கும். டவுன்லேண்ட் என்பது அங்கே உள்ள மிகச் சின்ன நிலப்பிரிவு, சிலவற்றில் பத்து வீடுகூட இருக்காது. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். கணக்கெடுப்பும் டவுன்லேண்ட் வாரியாகத்தான் இருக்கும்.

15 மார்ச் 2025

கேட்டவர் 1911 கணக்கெடுப்புப் படிவத்தை அனுப்பியிருந்தார். நானும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்பத்தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் சாட்சியின் எழுத்து. அவருக்கு நேராக 'படிக்கத் தெரியாது'. மொழி என்ற கட்டத்தில் அப்பா அம்மாவுக்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்', பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் காலி. 1911இல் மட்டும் திருமணமான பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை. அம்மா எதிரே 11, 8. நம் தாத்தா மூன்றாவது மகன், 17 வயது, 'விவசாயியின் மகன்'. அப்பாவுக்கு 1901இல் 52 வயது, 1911இல் 68.

பத்து வருடத்தில் பதினாறு வயது எப்படி ஏறியது என்று கேட்கிறார். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயதானவர்களுக்கு ஜனவரி 1909இலிருந்து பணம். பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் பிறந்தவர்கள், யாருக்கும் சரியான வயது தெரியாது. ஓய்வூதியம் கண்ணில் பட்டதும் வயதை முன்னே தள்ளிச் சொன்னார்கள். அயர்லாந்து முழுக்க இப்படித்தான். 1901 வயதைத்தான் நான் கூடுதலாக நம்புவேன், அதையும் உத்தேசமாக.

பிள்ளைகளின் பெயர் வரிசையையும் கவனியுங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது அங்கே வழக்கம், நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போலத்தான். எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முந்தின தலைமுறையின் பெயரை ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும்.

22 மார்ச் 2025

பிறப்புப் பதிவு கிடைத்தது. அதில் 9 டிசம்பர் 1893. மார்ச் 17 போயிற்று.

ஆனால் பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானம் 12 நவம்பர் 1893. பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஞானஸ்நானமா, வேறு குழந்தையா என்று பதறியிருக்கிறார். பதற வேண்டாம். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் சர்ச்சுக்குத் தூக்கிப் போவார்கள். அரசுப் பதிவாளரிடம் போவதற்கு வேலையெல்லாம் ஓய வேண்டும். தாமதமானால் அபராதம், அதனால் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஏராளமான வீடுகளில் இதுதான் நடந்தது. உண்மையான பிறப்பு நவம்பர் 10, 11 வாக்கில் இருக்கும்.

அதே குழந்தைதான் என்பதற்கு ஆதாரம்: பிறப்புப் பதிவில் உள்ள அம்மாவின் பிறந்தகத்துப் பெயர், பிலடெல்பியா திருமணச் சான்றில் தாத்தாவே சொன்ன அம்மா பெயரோடு ஒத்துப்போகிறது. கப்பல் பட்டியலில் ஊரில் உள்ள நெருங்கிய உறவு என்ற இடத்தில் அதே அம்மா, அதே டவுன்லேண்ட். மூன்று தாள், மூன்றும் வேறு வேறு ஆள் எழுதியவை. இதற்கு மேல் எனக்குச் சந்தேகமில்லை.

'ஓ' பற்றியும் தெரிந்துவிட்டது. பிறப்புப் பதிவிலேயே 'ஓ' இல்லை.

29 மார்ச் 2025

புதுச் செய்தி சொல்லியிருக்கிறார்: ஆகஸ்டில் குழந்தை பிறக்கப் போகிறது. நல்லா இருங்கம்மா. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் விண்ணப்பத்தை அப்போதே தொடங்கச் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் பேரன் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதியும் நாளிலிருந்துதான் ஐரிஷ் குடிமகன், பிறந்த நாளிலிருந்து அல்ல. பதிவுக்குப் பின் பிறக்கும் குழந்தைக்கு அவர் வழியாக உரிமை வரும். பதிவுக்கு முன் பிறந்துவிட்டால் வராது. விண்ணப்பம் முடிய பல மாதம் ஆகும். குழந்தையை எதிர்பார்க்கும் விண்ணப்பதாரர்கள் அதைத் தெரிவித்து முன்னுரிமை கேட்கலாம். அதை உடனே செய்யுங்கள்.

வேண்டியவை: தாத்தாவின் அரசுப் பிறப்புச் சான்று (இணையத்தில் இறக்கிய படம் செல்லாது, டப்ளின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் முழுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்), அவர் திருமணச் சான்று, இறப்புச் சான்று; தாத்தாவின் பிள்ளையான உங்கள் மாமியாரின் முழுப் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் அடையாள அட்டையும்; கணவரின் பிறப்புச் சான்று, அடையாளச் சான்றுகள், புகைப்படங்கள். விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அவர்கள் பட்டியலில் உள்ள தொழில்களில் இருப்பவர் ஒருவர் வேண்டும். 1918 மனு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அமெரிக்கத் தாள்களில் மார்ச் 17, ஐரிஷ் சான்றில் டிசம்பர் 9 என்று இருப்பதால் ஒரு விளக்கக் கடிதம் எழுதி, ஞானஸ்நானப் பதிவின் பிரதியோடு வையுங்கள். நாத்தனாரும் விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே உறையில் அனுப்ப முடியுமா என்று விசாரியுங்கள், தாத்தாவின் சான்றுகளை இருமுறை வாங்கும் செலவு மிச்சம்.

30 மார்ச் 2025

பஞ்ச காலத்தில், 1850களில் வந்தவர்களைத் தேடும் இருவருக்காக. மேலே சொன்ன வழியில் பாதி உங்களுக்கு உதவாது, அந்தக் காலத் தாளில் ஊரே இருக்காது. நியூயார்க் என்றால் எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைப் பாருங்கள். 1850இல் தொடங்கிய வங்கி, கணக்குத் திறந்தவரிடம் பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் எல்லாம் கேட்டு எழுதிவைத்தது. வேறு ஆள் வந்து பணத்தை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக. பாஸ்டன் என்றால் 'பைலட்' பத்திரிகையில் 1831இலிருந்து 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்கள். அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி, இன்ன பங்கு, இன்ன டவுன்லேண்ட் என்று எழுதியிருப்பார்கள். பெயரைப் போட்டுத் தேடும்போது எழுத்துக்கூட்டலை இறுக்கமாக வைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல வேறு யாரோ எழுதியது அது.